பெட்டிக்குள் காற்று: ஒரு கருப்பட்டிக் கடையின் பார்சல் கணக்கு

2024 மார்ச்சில் என் மதினி ஆன்லைன் வியாபாரம் தொடங்கியபோது கையில் இருந்தது இரண்டே சரக்கு: கருப்பட்டி, பனை ஓலைப் பெட்டி. ஊர் உடன்குடிக்குப் பக்கம். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அதற்கு விளம்பரம் தேவையில்லை. ஓலைப் பெட்டி முடைகிறவர்கள் மணப்பாட்டிலும் சுற்று ஊர்களிலும் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படம், வாட்ஸ்அப்பில் ஆர்டர், ஜிபேயில் பணம். கடை அவ்வளவுதான். நான் திருநெல்வேலியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். அதனால் மாதக் கடைசியில் நோட்டு என்னிடம் வந்தது.

நோட்டைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, எல்லாருக்கும் தோன்றுகிற யோசனைதான்: இதைவிட மலிவான கூரியர் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அது தப்பான யோசனை என்று தெரிய இரண்டு மாதம் ஆனது.

முதல் மாத நோட்டு

31 ஆர்டர். விற்பனை 20,150 ரூபாய். கொள்முதல் போக நின்றது ஏறத்தாழ 5,000. அனுப்பும் செலவுக்கு எந்த ஊராக இருந்தாலும் 80 ரூபாய் என்று மதினி வாங்கியிருந்தார்; 'எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க' என்பதைத் தவிர அந்த 80-க்கு வேறு ஆதாரம் கிடையாது. ஆக வாங்கியது 2,480. செலவானது 6,100. பொருளில் வந்த லாபத்தில் 3,620 ரூபாய் பார்சலுக்கே போய்விட்டது. டேப்பும் பபுள் கவரும் வாங்கியதைக் கழித்தால் மதினியின் ஒரு மாத உழைப்புக்கு ஆயிரத்துச் சொச்சம்.

6,100 எப்படி வந்தது என்று பிரித்து எழுதினேன். 19 கருப்பட்டிப் பார்சல், எல்லாம் ஸ்பீடு போஸ்ட், 2,360 ரூபாய். 8 வெறும் ஓலைப் பெட்டி, தனியார் கூரியர், 2,880. இரண்டும் சேர்ந்த ஆர்டர் 4, அதற்கு 860. அதாவது எடையே இல்லாத பெட்டிதான் அதிகம் தின்றிருக்கிறது. பெட்டி ஒன்றின் விலை 350 ரூபாய். அதை அனுப்ப 360 ரூபாய்.

"வெறும் பெட்டிதான தம்பி. தூக்கிப் பாரு, கோழி இறகு மாதிரி இருக்கு. இதுக்குப் போய் ஒம்போது கிலோ துட்டா?" என்றார் மதினி. கூரியர்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது அவருடைய முடிவு.

ஐந்து லிட்டர் டின்

ஏமாற்று இல்லை. கூரியரில் இரண்டு எடை உண்டு. தராசு காட்டுவது ஒன்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது இன்னொன்று. எது கூடுதலோ அதற்குத்தான் பணம். வண்டியில் இடம் பிடிக்கிற சரக்குக்கு இடத்துக்கான வாடகை. கம்பெனிக்குக் கம்பெனி, தரைவழிக்கும் விமானவழிக்கும் அந்த வகுக்கும் எண் கொஞ்சம் மாறும். 5000-தான் பரவலாகப் புழங்குவது. தபால் கவுண்டரிலும் பார்சலுக்கு இப்போது நீள அகல உயரம் கேட்டுக் கணினியில் ஏற்றுகிறார்கள்.

சூத்திரமாகச் சொன்னபோது மதினிக்குப் பிடிபடவில்லை. 5000 கன சென்டிமீட்டர் என்பது ஐந்து லிட்டர். சமையலறையில் இருந்த ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னை எடுத்து வைத்தேன். இந்த டின் அளவுக்கு இடத்தை அடைத்தால் ஒரு கிலோ. உள்ளே பஞ்சு இருந்தாலும் அதே ஒரு கிலோ, காற்று இருந்தாலும் அதே ஒரு கிலோ. அப்புறம் பெட்டி அனுப்பிய அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்தோம். மளிகைக் கடையில் சும்மா வாங்கிவந்த சோப்புப் பெட்டி, 42 × 32 × 32. பெருக்கினால் 43,008. வகுத்தால் 8.6. கிலோவை முழுசாக்கினால் 9. கிலோ 40 ரூபாய் என்றால் 360. கூரியர்காரர் போட்ட கணக்கு அட்சரம் பிசகவில்லை. எண்ணெய் டின் எட்டரை கொள்ளும் அந்த அட்டைப்பெட்டிக்குள் 600 கிராம் ஓலையும் மீதி முழுக்கக் காற்றும் போயிருக்கிறது. சும்மா கிடைத்த அட்டைப்பெட்டிதான் அந்த மாதத்தில் வாங்கியதிலேயே விலை கூடிய சாமான்.

அன்றைக்குச் சாயங்காலமே மதினி கத்தியை எடுத்துவிட்டார். ஓலைப் பெட்டி 30 சென்டிமீட்டர் வட்டம், 25 உயரம். அட்டைப்பெட்டியின் நாலு மூலையிலும் மேலிருந்து கீழே கீறி, 26-வது சென்டிமீட்டரில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஒரு கோடு இழுத்து, மடிப்பை உள்ளே தள்ளினார். பக்கவாட்டிலும் அதே மாதிரி ஒரு கீறல், ஒரு மடிப்பு, இரண்டு சுற்று டேப். 31 × 31 × 26. கணக்குப் போட்டால் 24,986. வகுத்தால் ஐந்து கிலோவுக்கு நூலிழை கீழே. 360 ரூபாய் பார்சல் 200 ரூபாய்க்கு இறங்கியது. கூரியர் அதே கூரியர், கடை அதே கடை.

ஆனாலும் 350 ரூபாய்ப் பெட்டிக்கு 200 ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்கள்? சென்னையில் கைவினைக் கண்காட்சி எதிலாவது நேரில் போய் வாங்கிக்கொள்வார்கள்.

கருப்பட்டி, நேர் எதிர்

கருப்பட்டியில் சிக்கல் வேறு மாதிரி. அது கனத்த சரக்கு, இடத்துக்கு வாடகை வராது. ஆனால் தபாலில் கட்டணம் 500 கிராம் 500 கிராமாக ஏறும். மதினி விற்றது ஒரு கிலோ பாக்கெட். அதற்குக் கவர், ஓலை நறுக்கு, அட்டை, டேப் எல்லாம் சேர்ந்து தராசில் 1,180 கிராம். 1,180-க்குக் கட்டணம் ஒன்றரைக் கிலோவுக்கு. அன்றைக்கு ஸ்பீடு போஸ்டில் 201 முதல் 1,000 கிலோமீட்டர் வரை முதல் 500 கிராமுக்கு 60, மேலே ஒவ்வொரு 500-க்கும் 30. ஒன்றரைக் கிலோவுக்கு 120, 18 சதவீத வரியோடு 141.60. ஒரு கிலோவுக்குள் நின்றிருந்தால் 106.20. அட்டைக்கும் டேப்புக்கும் 35 ரூபாய் தண்டம்.

நான் சொன்ன வழி: 800 கிராம் பாக்கெட் போடுங்கள். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு கிலோன்னு கேக்கிறவங்ககிட்ட எண்ணூறு குடுத்தா, எடை குறைக்கான்னுதான சொல்லுவாங்க?" அவர் சொன்னதும் சரிதான். குறைத்துக் கொடுப்பது மாதிரி தெரியாமல் 800 கிராம் விற்பது எப்படி என்று இரண்டு நாள் யோசித்தோம். பதில் ஊர் வழக்கத்திலேயே இருந்தது. கருப்பட்டியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதால் அதை வட்டு என்றுதான் எண்ணுவோம். படத்தில் 'எட்டு வட்டு' என்று போட்டு, கீழே நிகர எடை 800 கிராம் என்று தெளிவாக எழுதினார். விலையும் அதற்குத் தக்கபடி. வெளியூர்க்காரர்களுக்கு வட்டு என்ற சொல் புதுசு, பிடித்தும் போனது. கிலோ எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அடுத்து, ஸ்பீடு போஸ்ட் எல்லாருக்கும் வேண்டுமா என்ற கேள்வி. பால்கோவா என்றால் வேண்டும். கருப்பட்டி ஒரு வாரம் பையில் கிடந்தால் ஒன்றும் ஆகாது. அப்போது பதிவுப் பார்சலுக்குத் தூரக் கணக்கே கிடையாது: பதிவுக் கட்டணத்தையும் சேர்த்து முதல் 500 கிராம் 36 ரூபாய், மேலே 500 கிராமுக்கு 16. ஒரு கிலோ 52, வரியோடு 61.36. சென்னைக்கும் அதுதான், டெல்லிக்கும் அதுதான். டெல்லிக்கு ஸ்பீடு போஸ்ட் என்றால் வரியில்லாமலே 140. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே மதினி ஒரு வரி சேர்த்தார்: 'பதிவுப் பார்சல் 60 ரூபாய், ஒரு வாரம் பத்து நாள் ஆகும்; ஸ்பீடு போஸ்ட் 100 ரூபாய், சீக்கிரம் வரும். எது வேணும்?' கேட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் மெதுவானதையே எடுத்தார்கள். அதுவரை யாரும் அவசரம் என்று சொல்லவேயில்லை. நாமாகவே அவசரப்பட்டு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பெட்டிக்குள் வட்டு

ஒரு சரக்கு காற்றுக்குப் பணம் கட்டுகிறது. இன்னொன்று கனத்துக்குக் கட்டுகிறது. ஒன்றை இன்னொன்றுக்குள் வைத்தால்? இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். எங்கள் பக்கத்து வீடுகளில் கருப்பட்டியை ஓலைப் பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில்தான் வைப்பார்கள். புகை படப்படக் கருப்பட்டி இளகாமல் இருக்கும். மதினியின் அடுப்படியிலேயே அப்படி ஒரு பெட்டி இருந்தது. இரண்டு மாதம் அதன் கீழே உட்கார்ந்துதான் கணக்குப் போட்டிருக்கிறோம்.

பெரிய பெட்டிக்குள் மூன்றரைக் கிலோ கருப்பட்டி வைத்தோம். பெட்டியோடு சேர்த்துத் தராசில் 4.1 கிலோ. அட்டைப்பெட்டியே வேண்டியிருக்கவில்லை; உள்ளே சரக்கு நிறைந்திருப்பதால் ஓலை நசுங்காது. மேலே ஒரு பாலித்தீன், அதற்கு மேல் பழைய நாள் தபால் பார்சல் மாதிரி சாக்குத் துணி வைத்துத் தைத்தார். அளவுக் கணக்கில் நாலரைக் கிலோ, ஐந்தாக்கி 200 ரூபாய். வெறும் பெட்டிக்கும் அதே 200-தான் போயிருக்கும். ஆனால் இப்போது உள்ளே போவது 350 ரூபாய்ச் சரக்கு அல்ல, 1,750 ரூபாய்ச் சரக்கு. அனுப்பும் செலவு விலையில் பாதிக்கு மேல் இருந்தது, ஒன்பதில் ஒரு பங்கானது. கல்யாண வீட்டுச் சீருக்கு, புது வீட்டுக்கு என்று வாங்குகிறவர்கள் வந்தார்கள்.

சின்னப் பெட்டி ஒன்றும் இருந்தது, 20 × 20 × 12. பெருக்கினால் 4,800. ஒரு எண்ணெய் டின்னுக்குள் அடங்கும். எட்டு வட்டு வைத்துத் தைத்தால் தராசில் 970 கிராம். இரண்டு கணக்கும் ஒரு கிலோவுக்குள் நின்றன. மதினி அந்தப் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன்.

சறுக்கிய இடங்கள்

மே மாதம், பல கூரியர் கம்பெனிகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஒரு நிறுவனத்தின் செயலியில் சேர்ந்து, பொருள் வந்ததும் பணம் என்ற முறையைப் பரிசோதித்தோம். நம் ஊருக்கு இது புதுசு ஒன்றும் இல்லை, அந்தக் கால வி.பி.பி.தான். 12 ஆர்டர் போனது, 4 திரும்பியது. கதவைத் தட்டியபோது ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, 'நான் ஆர்டரே பண்ணலை'. போன செலவும் நமக்கு, திரும்பி வந்த செலவும் நமக்கு. ஒரு பெட்டி 23 நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தது. இன்னொரு தொல்லை: முன்பணமாகக் கட்டிய தொகையிலிருந்து 'எடை வித்தியாசம்' என்று பிறகு பிடித்துக்கொள்வார்கள். நாம் ஒரு கிலோ என்று பதிந்தது அங்கே இயந்திரத்தில் இரண்டு கிலோ. துணி தைத்த பார்சல் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றால் இயந்திரம் அந்தப் புடைப்பையும் அளக்கும். அளவு நாடாவை மேலே வைத்து எடுத்த படம் இருந்தால் வாதாடலாம். எங்களிடம் ஒன்றுக்கும் படம் இல்லை. ஜூனில் அந்தச் செயலியை விட்டுவிட்டோம். மாதம் இருநூறு, முந்நூறு பார்சல் அனுப்புகிறவருக்கு அது லாபமாக இருக்கலாம். முப்பது பார்சல்காரருக்கு வாட்ஸ்அப்பில் முன்பணம் கேட்பதுதான் நல்லது. முன்பணம் தர யோசிக்கிறவர் பெரும்பாலும் பொருளையும் வாங்க மாட்டார் என்பது என் அனுபவம்.

பஸ் பார்சலையும் பார்த்தோம். சென்னையில் ஒரு இயற்கை அங்காடிக்கு 20 கிலோ. ராத்திரி ஏற்றினால் காலையில் போய்விடும். ரசீது எண், கண்காணிப்பு ஒன்றும் கிடையாது. பஸ் நம்பரைப் போட்டோ எடுத்து, டிரைவர் போன் நம்பரோடு அனுப்ப வேண்டியதுதான். கட்டணம் என்னவோ மலிவு. ஆனால் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தெற்கே இருந்து வரும் வண்டிகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்காடிக்காரர் வடபழனியிலிருந்து ஆட்டோவில் வந்து எடுத்துப்போன செலவு, நாங்கள் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதல். "அண்ணே, அடுத்த தடவை கூரியர்லயே போட்ருங்க" என்றார். நாம் கொடுக்காவிட்டால் செலவு இல்லை என்று ஆகிவிடாது, வாங்குகிறவர் பையிலிருந்து போகும். பிறகு அவர் அடுத்த தடவை வாங்க மாட்டார்.

உள்மாநிலத்துக்கு உடன்குடி பஜாரில் இருந்த கூரியர் கடை கை கொடுத்தது. முதலில் ஒரு கிலோவுக்கு 70 ரூபாய் சொன்னார். மதினி நோட்டையே கொண்டுபோய்க் காட்டினார்: மாதம் எத்தனை தமிழ்நாட்டு ஆர்டர், எந்தெந்த ஊர். "அக்கா, செவ்வாய் வெள்ளி ரெண்டு நாள் மட்டும் மொத்தமா கொண்டாங்க, 50 போட்டுக்கிறேன்" என்றார். தினம் ஒன்றாகக் கொண்டுபோனால் அவருக்கும் வேலை, மதினிக்கும் அரை நாள் போச்சு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்றாலும் நேரத்துக்கு விலை உண்டே. முதல் மாதம் 31 ஆர்டருக்கு 22 தடவை போய் வந்திருக்கிறார். அந்தச் செலவு நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஜூலை நோட்டு

44 ஆர்டர். சின்னப் பெட்டியில் எட்டு வட்டு 24: அதில் 14 பதிவுப் பார்சல், 10 ஸ்பீடு போஸ்ட். பெரிய பெட்டி நிறையக் கருப்பட்டி 6. பெட்டி இல்லாத கருப்பட்டி, உள்மாநிலக் கூரியரில் 14. மொத்தச் செலவு 3,821 ரூபாய். வாங்கியது 3,440. கைவிட்டுப் போனது 381. பெரிய பெட்டிக்கு 200 செலவுக்கு 150 மட்டும் வாங்கியதால் வந்த குறை அதில் பெரும்பங்கு. அது தெரிந்தே விட்டது. ஆர்டருக்குச் சராசரி 197 ரூபாயாக இருந்தது 87 ஆனது. வெறும் பெட்டி விற்பதை மதினி நிறுத்திவிட்டார். கேட்பவர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கிய பெட்டியாகத்தான் தருகிறார்.

ஐப்பசியில் ஒரு அடி விழுந்தது. மலிவான தரைவழிச் சேவை ஒன்றில் வடக்கே அனுப்பிய பார்சல் 11 நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் படம் அனுப்பினார். சாக்குத் துணி கறுத்து, பெட்டியின் அடியில் பாகு கசிந்து, எட்டு வட்டும் ஒரே கட்டியாக. தப்பு எங்களுடையது. மழைக்காலக் காற்றில் கருப்பட்டி நீர் விடும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோடையில் போட்ட ஒற்றைப் பாலித்தீனையே அப்போதும் போட்டிருந்தோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போது ஐப்பசி கார்த்திகையில் வெளிமாநிலத்துக்கு ஸ்பீடு போஸ்ட் மட்டும், கவர் இரண்டு, வாய் சூடு வைத்து ஒட்டியது. அந்த இரண்டு மாதம் 60 ரூபாய்ப் பதிவுப் பார்சல் என்ற வரியை வாட்ஸ்அப்பிலிருந்து மதினி எடுத்துவிட்டார்.

மேலே சொன்ன தபால் கட்டணங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல், 2012-க்குப் பிறகு முதல் தடவையாக, ஸ்பீடு போஸ்ட் கட்டணமும் மாறியது. புத்தகம் விற்கிற நண்பர்களுக்கு இந்த அதிர்ச்சி இன்னும் முன்னாலேயே வந்தது. 2024 டிசம்பர் 18-ல் பதிவுப் புத்தக அஞ்சல் சட்டென்று நின்றுபோனது. பிறகு 2025 மே 1-ல் ஞான் போஸ்ட் என்ற புத்தகத் தபால் சேவை வந்தது, 300 கிராம் 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோ 100 ரூபாய் வரை. ஆனால் அது கல்வி, சமயம், பண்பாடு சார்ந்த புத்தகங்களுக்கு மட்டும். ஒரே ஒரு மலிவுச் சேவையை நம்பி விலைப்பட்டியல் போட்டவர்கள் ராவோடு ராவாக மாட்டிக்கொண்டார்கள். மதினியின் நோட்டில் இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பக்கம்: அளவு, தராசு எடை, மூன்று இடத்தில் கேட்ட விலை, கேட்ட தேதி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பென்சிலில் திருத்துகிறார்.

போன மாதம் பெட்டி முடைகிற ஆச்சி வீட்டுக்கு நானும் கூடப் போனேன். மதினி அளவு நாடாவை நீட்டி, "ஆச்சி, இருபதுக்கு மேல ஒரு விரல்கூட போகக் கூடாது, உசரம் பன்னெண்டு" என்றார். ஆச்சி ஓலையை வாரிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்க படிக்கு ஒரு பெட்டி, மரக்காலுக்கு ஒரு பெட்டின்னு முடைஞ்சோம். நீ என்னட்டி, தவாலுக்குப் பெட்டி முடையச் சொல்லுத?"